கத்தி பிடிக்காத கை

விரலில் தசை இல்லை.
தோல், எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, இரண்டு நாண்கள்.
மடக்குகிற பலம் முழங்கைக்குக் கீழே குடியிருக்கிறது.
அங்கிருந்து மணிக்கட்டு தாண்டி, உள்ளங்கை தாண்டி
வெள்ளை வார் ஒன்று
நுனியெலும்பைப் போய்ப் பிடித்திருக்கிறது.
வியெஸ்வாவாவுக்கு இது தெரிந்தது
நாற்பத்தொரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை,
ஈசாஃபியோர்துர் மீன் ஆலையில்,
காட் மீனின் முள்ளில் வழுக்கிய கத்தி
இடது மோதிரவிரலின் அடியில் வந்து நின்றபோது.

வலி பெரிதில்லை.
நீலக் கையுறைக்குள் வெதுவெதுப்பாய் ஏதோ இறங்கியது.
மடங்கு என்றாள்.
நான்கு மடங்கின.
ஒன்று மட்டும் யாரையோ சுட்டியபடி நின்றது.
தையல் போட்டால் சரியாகிவிடும் என்றான் மேற்பார்வையாளன்.
தோலை நினைத்துச் சொன்னான்.

அறுந்த நாண் அறுந்த இடத்தில் காத்திருப்பதில்லை.
தசை தன் பங்கை இழுத்துக்கொள்ளும்;
நண்டு வளைக்குள் போவதுபோல்
அது உள்ளங்கைக்குள் போய்விடும்.
ரேக்யவிக்கில் மருத்துவர் ராக்ன்ஹில்துர்
முனையைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.
முத்துச்சிப்பியின் உட்புறம் போன்ற பளபளப்பு,
ரத்தம் அதிகம் எட்டிப்பார்க்காத இடம்,
அதனால்தான் ஆற நாளாகும் என்றார்.
மேலோடும் நாண் வழியில் இரண்டாகப் பிளந்து
கீழோடும் நாணுக்கு வழிவிடும் இடத்தையும்
ஒரு தாளில் வரைந்து காட்டினார்.
வியெஸ்வாவா அந்தத் தாளை மடித்து
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.
முப்பது வருஷம் கூடவே இருந்தும்
ஒருமுறைகூட நன்றி சொல்லாத கை.

ஆறு வாரம் எதையும் பிடிக்காதே என்றார்கள்.
பதினெட்டாம் நாள் மேசை விளிம்பிலிருந்து
கோப்பை சரிந்தது.
கை யோசிக்கவில்லை.
கோப்பை உடையவில்லை.
உள்ளே ஈரச்சணல் தெறித்த மாதிரி ஒரு சத்தம்,
அவளுக்கு மட்டும்.

வில்லில் பூட்டுவதும் நாண், வெட்கமும் நாண்.
மருத்துவரிடம் அவள் பொய் சொன்னாள்:
தூக்கத்தில் நடந்துவிட்டது.
ராக்ன்ஹில்துர் கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை,
அவருக்குக் கோப்பையே தெரியாது. ஆனாலும்
எல்லோரும் எதையாவது பிடித்துவிடுகிறார்கள் என்றார்.

இந்த முறை நாண் இல்லை. முதலில் பாதை.
உள்ளே தழும்பு எல்லாவற்றையும் ஒட்டிவிட்டது,
ஆகவே ஒரு சிலிக்கோன் தண்டு,
எதையும் இழுக்காதது, எதுவும் செய்யாதது,
மூன்று மாதம் படுத்துக்கிடந்து
தன்னைச் சுற்றி வழவழப்பாய் ஒரு குழாய் வளர்த்துக்கொண்டது.
பிறகு அது போய்விட வேண்டும்.

வரப்போகிற நாண் எங்கிருந்து?
கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு
மணிக்கட்டை மடக்கச் சொன்னார்.
வலது கையில் நடுவே ஒரு கயிறு எழுந்தது.
இடதில் ஒன்றுமில்லை, பிறவியிலேயே இல்லை,
பலருக்கு இருக்காதாம், இல்லாததும் தெரியாதாம்.
எடுத்தாலும் குறையாத நாண்.
வெட்டிய கையிலிருந்து எடுத்து
வெட்டுப்பட்ட கைக்குக் கொடுத்தார்கள்.

மே மாதம். பனி மலையுச்சியில் மட்டும்.
ஆலையில் இப்போது அவளுக்குப் பெட்டி அடுக்கும் வேலை.
மீன்வாலைப் பிடித்தால் மூன்று விரல்கள் உடனே மூடும்,
மோதிரவிரல் ஒரு மூச்சு கழித்து வரும்,
உள்ளங்கையைத் தொட இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்.
அந்த இடைவெளியில் அவ்வப்போது ஒரு வால் நழுவும்.
குனிந்து எடுப்பாள், போலிஷில் ஏதோ சொல்வாள்,
அடுத்து நிற்கும் ஹல்டோரா சிரிப்பாள், புரியாமலே.

இடைவேளையில், காபி ஆறும்வரை,
கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு
இரண்டு கையையும் மடக்கிப் பார்க்கிறாள்.
இரண்டிலும் கயிறு எழவில்லை.
வலதில் மட்டும் இரண்டு சின்னத் தழும்புகள்.
கோப்பையை எடுக்கிறாள், இடது கையால்.